ஸ்குவாஷ் கூடம் யாருக்கு?

2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஸ்குவாஷ் உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் ஹாங்காங்கை 3-0 என வீழ்த்தி, இந்தியா முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அணியின் ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார் மூவரும் தமிழ்நாட்டவர். டெல்லியைச் சேர்ந்த அனாஹத் சிங்குக்கு அப்போது 17 வயதுதான். 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. இத்தனை பெருமைக்கு நடுவிலும், நம் அரசுப் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் ஸ்குவாஷ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இது வெட்கப்பட வேண்டிய நிலை.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர்களிடம் பிறந்த ஆட்டம் இது. நம் ஊரிலோ, உறுப்பினர் கட்டணம் கட்டும் மன்றங்களுக்கும் வசதியான பள்ளிகளுக்கும் உள்ளேயே நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் இது சேர்க்கப்பட்டதே 2024 ஜனவரியில், தமிழ்நாட்டில் நடந்தபோதுதான்.

மைதானமே இல்லாத நகரப் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் அரிது. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம் போதும். வெயிலும் மழையும் தடையில்லை. முக்கால் மணி நேரம் ஆடினால் உடம்பு முழுக்க வேலை செய்துவிடும். மஞ்சள் புள்ளி இரண்டு வைத்த அந்தச் சின்ன ரப்பர் பந்து குளிர்ந்திருந்தால் எழும்பாது. அடித்து அடித்துச் சூடேற்றிய பிறகே ஆட்டம் தொடங்கும். அந்தப் பொறுமையையும் சேர்த்தே பிள்ளை கற்கிறது.

உடல்நலத்தைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. பயிற்சி ஆட்டங்களில் நடுவர் இருப்பதில்லை. பந்து இரண்டாம் முறை தரையில் பட்ட பிறகு எடுத்தோமா, முன்சுவரின் அடியிலுள்ள தகரத்தில் உரசியதா என்பதை ஆடியவரே சொல்லிப் புள்ளியை விட்டுக்கொடுக்க வேண்டும். எதிராளி மீது மட்டை படும் என்று தோன்றினால் அடிக்காமல் நின்று, ‘லெட்’, அதாவது அந்தப் புள்ளியை மீண்டும் ஆடும் வாய்ப்பு, கேட்க வேண்டும். தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்ள 12 வயதில் பழகும் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன நீதிபோதனை வகுப்பு வேண்டும்?

இதை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தரும் சீட்டாக மட்டுமே பார்க்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கணக்குப் புத்தகமாக்குகிறார்கள், அது தவறு.

அதைவிடப் பெரிய தவறு, பொதுப் பணத்தில் கட்டிய கூடங்கள் பொதுப் பிள்ளைகளுக்குத் திறக்காமல் இருப்பது. அரசு நிதியோ அரசு நிலமோ பெற்ற ஒவ்வொரு ஸ்குவாஷ் கூடமும் பள்ளி முடிந்த மாலை நேரத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். மட்டையும் கண்பாதுகாப்புக் கண்ணாடியும் அங்கேயே கொடுக்கப்பட வேண்டும். மாவட்ட விளையாட்டரங்குகள் அனைத்திலும் இரண்டு கூடங்களாவது எழ வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதற்கான ஆணையைத் தமிழ்நாடு அரசு பிறப்பிக்க வேண்டும்.