அமானிதமாய் ஒரு திறவுகோல்

மீலாது மேடைகளிலும் சமய நல்லிணக்கக் கூட்டங்களிலும் தவறாது எடுத்துரைக்கப்படும் செய்தி ஒன்று உண்டு. கிறித்தவ உலகம் தன் தலையாய புனித இடமாகப் போற்றும் எருசலேம் திருக்கல்லறைத் தேவாலயத்தின் திறவுகோல் முஸ்லிம் குடும்பம் ஒன்றிடம் இருக்கிறது என்பதே அச்செய்தி. சொல்லக் கேட்டதும் அவையில் கரவொலி எழும். "அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஆதலால் சாவி நம்மவரிடம் வந்தது" என்று பேச்சாளர் முத்தாய்ப்பு வைக்கும்போது கரவொலி மேலும் ஓங்கும். செய்தி உண்மையே. ஆனால், வெற்றிக் கொடிபோல் அதை உயர்த்திப் பிடிப்போர் அத்திறவுகோலின் எடையை உணர்ந்தவராகத் தெரியவில்லை என்பது நம் எண்ணம்.

பைத்துல் முகத்தஸ் என்று நாம் அழைக்கும் அத்திருநகரின் பழைய பகுதி, மதிலுக்குள் அடங்கியது. பரப்பில் ஒரு சதுரக் கிலோமீட்டர்கூட இல்லை. அதனுள்ளே அல்-அக்ஸாவும் உண்டு. யூதர் தொழும் மேற்குச் சுவரும் உண்டு. நடந்து சில நிமிடத் தொலைவில் இத்தேவாலயமும் உண்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டுவித்த முதல் ஆலயம் கி.பி. 335இல் நேர்ந்தளிக்கப்பட்டது. மேலைக் கிறித்தவர் இதனைக் கல்லறையின் பெயரால் அழைக்க, கீழைக் கிறித்தவர் உயிர்த்தெழுதலின் பெயரால் அழைக்கின்றனர். அரபுக் கிறித்தவரின் நாவில் அது 'கனீசத்துல் கியாமா'. கிரேக்க வைதிகத் திருச்சபை, கத்தோலிக்கர் சார்பில் பிரான்சிஸ்கன் துறவியர், ஆர்மீனியர், காப்தியர், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு சபையார் இங்கு உரிமையுடையோர்.

திறவுகோல் ஜூதா குடும்பத்தார் பொறுப்பில் உள்ளது. கதவைத் திறந்து மூடும் பணி நுஸைபா குடும்பத்தாருடையது. நீண்ட இரும்புச் சாவி அது. விடியுமுன் வாயில்காப்போர் வருவர். இரவெல்லாம் உள்ளிருந்து செபித்த துறவியர், கதவில் அமைந்த சிறு திட்டிவாசல் வழியே ஏணி ஒன்றை வெளியே நீட்டுவர். அதில் ஏறியே மேற்பூட்டைத் திறக்கவேண்டும். மாலையில் கதவடைத்தபின் ஏணி மீண்டும் உள்ளே செல்லும். ஆக, சாவி வெளியே இருப்பவரிடமும் ஏணி உள்ளே இருப்பவரிடமும் இருக்கின்றன. மேடைப் பேச்சுகளில் சாவி வருகிறது, ஏணி வருவதில்லை.

இவ்வுறவின் தோற்றுவாயாக நாம் போற்றுவது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வருகை. கி.பி. 638ஆம் ஆண்டளவில் பேராயர் ஸொப்ரோனியஸ் நகரை அவர்களிடம் ஒப்படைத்ததும், தொழுகை நேரம் வந்தபோது ஆலயத்தினுள் தொழ மறுத்து, வெளியே வந்து கலீஃபா தொழுததும் நாம் அறிந்தவை. தாம் தொழுத இடம் என்று காரணங்காட்டிப் பின்வருவோர் ஆலயத்தைக் கைப்பற்றிவிடலாகாது என்னும் முன்னெச்சரிக்கையே அம்மறுப்புக்குக் காரணம் என்பர். இந்நிகழ்ச்சியை நமக்கு எழுதி வைத்தவர் யார்? அலெக்சாந்திரியாவின் கிறித்தவப் பேராயராக விளங்கிய ஸயீத் இப்னு பித்ரீக். பத்தாம் நூற்றாண்டில், அரபு மொழியில் அவர் இயற்றிய வரலாற்று நூலில் இது காணப்படுகிறது. கலீஃபாவின் பெருந்தன்மையைப் பேணி வைத்த ஏடு ஒரு பாதிரியாருடையது என்பதை நம் மாணவர் மறவாதிருப்பது நலம்.

நன்றியோடு நினைக்கத்தக்கன மட்டுமே வரலாறாகிவிடா. கி.பி. 1009இல் ஃபாத்திமி ஆட்சியாளர் அல்-ஹாக்கிம் இவ்வாலயத்தை இடித்துத் தள்ளச் செய்தார். 1048ஆம் ஆண்டளவில், பைசாந்தியப் பேரரசின் பொருளுதவியோடுதான் அது மீண்டும் எழுந்தது. 1099இல் சிலுவைப் போர்வீரர் நகருள் புகுந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்ததை நாம் விரிவாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த அவ்விடிப்பையும் அதே மூச்சில் சொல்லும் துணிவு வேண்டாவா? 1187இல் ஸலாஹுத்தீன் அய்யூபி நகரை மீட்டபோது, ஆலயத்தை இடித்துவிடலாம் என்று யோசனை கூறியோர் இருந்தனர். உமரின் (ரலி) முன்மாதிரியைச் சுட்டி அவர் அதற்கு இசையவில்லை. ஆயினும் இரட்டை வாயில்களுள் ஒன்று அக்காலத்திலேயே கல்வைத்து அடைக்கப்பட்டது. இன்றும் அவ்வாறே உள்ளது. உள்ளே நுழையும் யாத்திரிகரிடம் பல நூற்றாண்டுகள் வரி வாங்கப்பட்டது. எகிப்தின் இப்ராஹீம் பாஷா அந்நிலத்தை ஆண்ட 1830களில்தான் அது நீங்கியது. திறவுகோல் பிடித்த கை எல்லாக் காலத்தும் வெறுங்கையாக இருக்கவில்லை.

இனி, அவர்களுடைய பூசலைப் பற்றி. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்னும் முறையில் இதனைச் சுவைத்துப் பேசுவோர் உளர். 1757இலும் 1852இலும் உதுமானிய சுல்தான்கள் பிறப்பித்த ஆணைகளின்படி, எச்சபைக்கு எத்தூண், எவ்விளக்கு, எந்நேரம் என்பதெல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும். முகப்பின் மேல்சாளரத்துக்குக் கீழே ஒரு மர ஏணி சார்த்தப்பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுச் சித்திரத்திலேயே அது காணப்படுகிறது. அனைவரும் ஒப்பாமல் அதனை அகற்ற இயலாது. 2002ஆம் ஆண்டு கோடையில், கூரைமேல் காவலிருந்த காப்தியத் துறவி ஒருவர் நிழலுக்காகத் தம் நாற்காலியைச் சற்றே நகர்த்த, எத்தியோப்பியத் துறவியர் அதனை உரிமை மீறலாகக் கொள்ள, கைகலப்பில் பதினொருவர் மருத்துவமனை சென்றனர். நகைப்புக்குரியதுதான். ஆனால் பள்ளிவாசல் நிர்வாக வழக்குகள் நம்மூர் நீதிமன்றங்களில் எத்தனை ஆண்டு உறங்குகின்றன என்பதை அறிந்த ஜமாஅத் பெரியோர் இதைக் கேட்டு உரக்கச் சிரிக்கமாட்டார்கள்.

அப்பூசலுக்கு இடையிலும் அவர்கள் கூடியதுண்டு. 1808ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் எழுப்பப்பட்ட கல்லறை மாடம் பிற்காலத்தில் சரியத் தொடங்கிற்று. ஆங்கிலேயர் 1947இல் இரும்புச் சட்டங்களால் அதனைக் கட்டிவைத்தனர். எழுபதாண்டுகள் அவ்விரும்புக் கூட்டிலேயே நின்ற மாடத்தை, கிரேக்கரும் கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் ஒருங்கிசைந்து 2016-17இல் செப்பனிட்டனர். ஜோர்டான் மன்னர் அப்துல்லாஹ் தம் சொந்தப் பொருளை அப்பணிக்கு ஈந்தார். சாவிக்குக் கிடைக்கும் கரவொலியில் ஒரு பங்கேனும் இதற்கும் கிடைக்கலாம்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். அக்கல்லறையைப் பற்றிய கிறித்தவரின் நம்பிக்கை நம் நம்பிக்கை அன்று. ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் மரித்தார்கள் என்பதை நாம் ஏற்பதில்லை. அவ்வாறிருந்தும் அவ்வாயிலை முஸ்லிம் ஒருவர் வைகறைதோறும் சென்று திறந்துவைக்கிறார். தாம் ஏற்காத நம்பிக்கையைப் பிறர் அச்சமின்றிக் கொண்டாட வழிவிடுகிறார். அமானிதம் என்னும் சொல்லுக்கு இதனினும் நேரான பொருள் நமக்குத் தோன்றவில்லை. தமக்குப் பிடித்ததைக் காப்பதில் யாருக்கு என்ன சிரமம்?

காக்கப்படுவது எது என்பதே இன்று எழுந்துள்ள கேள்வி. 1922ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி எருசலேமில் 62,578 பேர் வாழ்ந்தனர். அவருள் கிறித்தவர் 14,699 பேர். ஏறத்தாழ நான்கில் ஒருவர். 1940களின் நடுவில் அத்தொகை 31 ஆயிரத்தை ஒட்டி உயர்ந்தது. இன்று நகரின் மக்கள்தொகை பத்து இலட்சம் அளவுக்குப் பெருகியிருக்க, கிறித்தவர் 13 ஆயிரம் அளவே. நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1948ஆம் ஆண்டுப் போரில் கத்தமோன், தல்பிய்யா போன்ற மேற்குப் புறநகர்களில் வாழ்ந்த வசதிபடைத்த கிறித்தவக் குடும்பங்கள் வீடு வாசலை இழந்து வெளியேறின; திரும்பிவர வழியில்லாது போயிற்று. 1967க்குப் பிறகு எஞ்சியோரையும் வீடு கட்ட அனுமதியின்மை, குடியிருப்பு உரிமம் பறிபோகும் அச்சம், வேலையின்மை ஆகியன துரத்தின. பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெத்லகேமிலிருந்து பெண்ணெடுத்தால், மணமகள் கணவனோடு வாழத் தனி அனுமதி பெறவேண்டும். 2002 முதல் எழுந்த பிரிவினைச் சுவருக்கு அப்பால் வாழும் கிறித்தவர், தம் உயிர்த்தெழுதல் பெருநாளுக்கு இவ்வாலயம் வரவும் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில், தேவாலயச் சொத்துகள்மீது மாநகராட்சி வரி விதிக்க முனைந்தபோது, சபையார் மூவரும் ஒருசேர இவ்வாயிலை மூன்று நாள் அடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். யாத்திரிகர் வெளியே நின்று அழுதனர். வரி முயற்சி நிறுத்திவைக்கப்பட்ட பின், 28ஆம் நாள் விடியுமுன் கதவு திறந்தது.

கல் இருக்கிறது; பூட்டு இருக்கிறது; பூட்டைத் திறக்கும் குடும்பமும் இருக்கிறது. உள்ளே அரபு மொழியில் செபிக்கும் உள்ளூர் மக்கள் இல்லாதொழிந்தால், அது அருங்காட்சியகம் ஆகிவிடும். முற்றத்தை ஒட்டி மார் யாக்கூப் என்னும் சிற்றாலயம் உண்டு. பெரிய ஆலயத்தில் கிரேக்கம் ஒலிக்க, இங்கேதான் அரபு வைதிகக் கிறித்தவர் தம் தாய்மொழியில் வழிபடுகின்றனர். பேராயர் பதவிகள் கிரேக்கர் கையிலும் மக்கள் அரபியராகவும் இருக்கும் நிலை, அவர்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மனக்குறை.

தமிழ்த்துறை மலரில் எழுதும் நாம், அம்மனக்குறையைத் துணிந்து உரைத்த ஒரு மொழியாசிரியரை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. கலீல் ஸகாகீனி 1878இல் எருசலேமில் வைதிகக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1909இல் அவர் நிறுவிய தஸ்தூரிய்யா பள்ளியில் பிரம்படி இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, முஸ்லிம் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயின்றனர். கிரேக்கத் தலைமையை எதிர்த்து 1913இல் சிறுநூல் எழுதித் திருச்சபையினின்றும் விலக்கப்பட்டார். பாலஸ்தீனச் சிறுவர் பல தலைமுறைகளாக அரபு எழுத்தறிந்தது அவர் இயற்றிய அரிச்சுவடியிலே. 1948 ஏப்ரல் இறுதியில், கத்தமோன் வீட்டில் தம் நூலகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கெய்ரோ சென்றார். 1953இல் அங்கேயே மறைந்தார். 1967க்குப் பின் அவருடைய மகளிர், தந்தையின் கையெழுத்துக் குறிப்புகளோடு கூடிய நூல்களை இஸ்ரேலின் தேசிய நூலகத்தில் கண்டனர். குர்ஆனின் மொழியை முஸ்லிம் குழந்தைகளுக்குக் கற்பித்த கிறித்தவர் இவர். சாவியைப் பற்றிப் பேசும் மேடைகளில் இவர் பெயரை நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இன்னொருவரும் உண்டு. துருக்கியில் ஆர்மீனியர்மீது நிகழ்ந்த கொடுமைகளில் உயிர்தப்பிய டேவிட் ஒகானெஸ்ஸியன் என்னும் ஓட்டுக் கலைஞர், குப்பத்துஸ் ஸக்ராவின் சுவரோடுகளைப் புதுப்பிக்கும் நோக்கோடு 1919இல் எருசலேமுக்கு அழைத்துவரப்பட்டார். அப்பணி கைகூடவில்லையெனினும், அவர் வழிவந்த வண்ண ஓட்டுக் கலை அந்நகரின் அடையாளமாய் நிலைத்தது. அவர்கள் வாயிலை நாம் காக்க, நம் மாடத்தை அழகு செய்ய அவர்கள் வந்தனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை முழுமை பெறும்.

"அக்ஸாவே அல்லலுறும் காலத்தில் ஆலயத்தைப் பற்றிய கவலை ஏன்?" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். இரண்டுக்கும் காவலாய் நிற்பவர் ஒரே மக்கள் என்பதே நம் விடை. 2011இல் எருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு நிதியுதவி அறிவித்த பின், நம் பக்கத்து வீட்டுக் கிறித்தவர்கள் பலர் அங்குச் சென்று வந்துள்ளனர். பேருந்தில் சென்று, கல்லைத் தொட்டு, மெழுகுவத்தி ஏற்றித் திரும்புகின்றனர். அரபு பேசும் கிறித்தவர் அங்கே உளர் என்பதே அவருள் பலருக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

ஆதலால் நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். ஸகாகீனியின் நாட்குறிப்புகளை அவர் மகள் ஹாலா 1955இல் நூலாக வெளியிட்டார். அரபுத் துறையும் தமிழ்த் துறையும் கூடி, அவற்றுள் 1948ஆம் ஆண்டுப் பக்கங்களையேனும் மூலத்திலிருந்து நேரே தமிழாக்கலாம். அரபறிந்த மாணவர் பொருள் சொல்ல, தமிழ் மாணவர் எழுதட்டும். முதற்படியை ஊர்ப் பங்குத் தந்தையிடம் கொடுத்துப் பிழைபார்க்கச் சொல்லலாம். வழிபாட்டுச் சொற்கள் அவருக்குத்தான் தெரியும்.