பூட்டு உடையவில்லை, சாவி பறிபோயிற்று!

காகிதத்தில் போட்ட கையெழுத்தைப் பார்த்து, கைதேர்ந்த மோசக்காரன் அப்படியே எழுதிவிடுவான். கம்ப்யூட்டரில் போடும் கணிதக் கையெழுத்திடம் அவன் ஜம்பம் பலிக்காது. 'எலிப்டிக் கர்வ்' என்னும் வளைகோட்டுக் கணக்கை இத்தகைய இரகசியங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று 1985-ல் கோப்லிட்ஸ், மில்லர் என்ற இரு அமெரிக்கக் கணித நிபுணர்கள் தனித்தனியே கூறினர்.

இதில் சாவிகள் இரண்டு. இரகசியச் சாவியால் கையெழுத்திடலாம். பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கலாம், கையெழுத்திட முடியாது. இரகசியச் சாவியிலிருந்து பொதுச் சாவியைக் கணக்கிடுவது நொடி வேலை. அதைத் திருப்பிப் போடுவதோ, இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு ஆகாத காரியம்.

அப்படியானால் இரகசியச் சாவியை ஒளித்து வைத்தால் போதுமா? போதாது! ஒவ்வொரு கையெழுத்துக்கும், எவரும் ஊகிக்க முடியாத புதிய எண் ஒன்று வேண்டும். ஒரே எண்ணை இரு வேறு செய்திகளுக்குப் பயன்படுத்தினால், இரு கையெழுத்திலும் ஒரு பகுதி அச்சாக ஒன்றுபோல் இருக்கும். குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. பள்ளி மாணவர் போடும் அல்ஜீப்ராவைப் போன்றதுதான்!

சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டு இயந்திரத்துக்கு நேர்ந்தது இதுவே. கையெழுத்துக்குக் கையெழுத்து மாற வேண்டிய எண் மாறவே இல்லை. 2010 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் இது அம்பலமாயிற்று. இரகசியச் சாவி கணக்கிலேயே கிடைத்துவிட்டது. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் எண் வழங்கும் பகுதி பழுதுபட்டிருந்தது தெரிய வந்தது. அதனால் பிட்காயின் வைத்திருந்த சிலரின் காசு திருடு போயிற்று.

இதற்குக் கணிதத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. கணக்கு பொய்க்கவில்லை, கருவியைச் செய்தவர்களின் அசட்டையே சாவியைப் பறிகொடுத்தது.

பரிகாரமும் இருக்கிறது. செய்தியையும் இரகசியச் சாவியையும் கொண்டே அந்த எண்ணைக் கணக்கிடும் முறை 2013-ல் வெளியாயிற்று. செய்தி மாறினால் எண்ணும் மாறும். அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமும் 2023-ல் இதை அனுமதித்தது.

வாங்குகிறவரால் கருவிக்குள் எட்டிப் பார்க்க இயலாது. ஆகவே எச்சரிக்கை முழுவதும் செய்து விற்பவர் பொறுப்பு. "சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள்" என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்வோர், முதலில் தங்கள் பட்டறையைப் பார்க்கட்டும்!