கோழிக்குஞ்சு பொம்மை அல்ல!



திருவிழாக் கடைவீதியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் அட்டைப்பெட்டி நிறைய பச்சை, ரோஸ், நீலம் என்று கலர் கலராகக் கோழிக்குஞ்சுகள். 'கீச் கீச்' என்று கத்தும் அவற்றைப் பார்த்ததுமே கையில் எடுக்கத் தோன்றும். அம்மாவிடம் அடம்பிடித்து ஒன்றிரண்டை வாங்கியும் வந்துவிடுவோம்.

முதல் நாள் வீடே கலகலப்பாக இருக்கும். இரண்டு, மூன்று நாள் கழித்துக் காலையில் பெட்டியைத் திறந்தால், குஞ்சு அசையாமல் கிடக்கும். 'கலர்க்குஞ்சு பிழைக்காது, விடு' என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள்.

ஏன் பிழைக்கவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஒரு தாய்க்கோழியைக் கவனிக்க வேண்டும்.

நாட்டுக்கோழி சில நாட்கள் முட்டையிட்ட பிறகு, திடீரென்று முட்டையிடுவதை நிறுத்திவிடும். கூடையை விட்டு எழாது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். இதுதான் அடைக்கோழி. அதன் உடம்பில் சுரக்கும் 'புரோலாக்டின்' என்ற ஹார்மோன்தான் அதை இப்படி உட்கார வைக்கிறது.

வைக்கோல் பரப்பிய கூடையில் 10 அல்லது 12 முட்டைகளை வைத்து, அதிகம் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் விட்டால் போதும். மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும்படி உட்காரும். அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடும். நாளுக்கு ஒருமுறை மட்டும் சிறிது நேரம் இறங்கி, தின்று, குடித்து, எச்சமிட்டுவிட்டு ஓடி வந்துவிடும். இப்படி 21 நாட்கள்! கடையில் வாங்கும் பண்ணை முட்டையை அடை வைத்தால் பொரிக்காது. சேவல் இல்லாத கூண்டில் இட்ட முட்டை அது. அதில் கரு இருக்காது.

பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் இருந்து குஞ்சு கத்தும். தாயும் பதில் குரல் கொடுக்கும். ஓட்டில் விரிசல் விட்டதும் உதவி செய்கிறேன் என்று நீங்கள் ஓட்டை உரித்துவிடாதீர்கள். இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துவிடலாம். அது தானாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகும்.

வெளியே வரும் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று நாள் தீனி இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். ஆனால், குளிரைத் தாங்காது. அதன் மேல் இருப்பது மெல்லிய தூவிதான். உண்மையான இறகு முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தாயின் சிறகுதான் அதற்குப் போர்வை, வீடு எல்லாம்.

இப்போது கலர்க்குஞ்சுக்கு வருவோம். அது பொரிப்பான் இயந்திரத்தில் பிறந்தது. பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சு. சாயம் பூசி விற்கிறார்கள். தாயைப் பார்த்ததே இல்லை. நம் வீட்டுக்கு வரும்போது வயிற்றில் இருந்த மஞ்சள் கருவும் தீரப்போகிறது. இரவில் தனியாக ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்தால் அது என்ன செய்யும்?

எனவே, விளையாடுவதற்காகக் கலர்க்குஞ்சு வாங்காதீர்கள். ஏற்கெனவே தாயில்லாத குஞ்சு வீட்டில் இருந்தால், தாய் செய்யும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதல் வாரம் பெட்டிக்குள் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் போதும். பெரியவர்களிடம் சொல்லி, பெட்டியின் ஒரு பக்கத்தில் எட்டாத உயரத்தில் பழைய குண்டு பல்பு ஒன்றைப் பாதுகாப்பாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். போதுமான சூடு தராது. சூடு சரியா என்று குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது. தள்ளிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

பெட்டியில் உமி பரப்புங்கள். வெறும் காகிதத்தில் கால் வழுக்கி ஊனமாகிவிடும். குருணையோ, பொடியாக உடைத்த கம்போ, கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமோ கொடுக்கலாம். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் வைத்து, நடுவில் கூழாங்கற்கள் போடுங்கள், குஞ்சு மூழ்காது. முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து பற்றிக் கேளுங்கள். குஞ்சைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்கக்கூடாது.

இன்னொரு விஷயம். குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால், அடைக்கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் சில ஊர்களில் வழக்கம். பாவம், அது என்ன தப்பு செய்தது? முட்டைகளை எடுத்துவிட்டு, வைக்கோல் இல்லாத, காற்றும் வெளிச்சமும் உள்ள கம்பிவலைக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து, சில நாட்கள் விட்டால் போதும். அடை தெளிந்துவிடும். பாட்டி இறகைத் தேடினால், இதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

பருந்து வட்டமிட்டால் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும். அடுத்த நொடி அத்தனை குஞ்சுகளும் அதன் சிறகுக்குள் இருக்கும். அந்தச் சிறகின் வேலையைப் பல வாரங்கள் செய்ய உங்களால் முடியுமா? முடியும் என்றால் வளருங்கள். முடியாது என்றால், கடைவீதியில் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். அதுவும் உயிர்களிடம் காட்டும் அன்புதான்!

அன்புடன்,
ஆசிரியர்