அம்மைன்னு நினைச்சு ஏமாறாதீங்க!

வலிப்பு மாத்திரை தொடங்கி சில வாரம். குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாயில் புண். "அம்மை போட்டிருக்கு"ன்னு வீட்டில் வேப்பிலை வைக்கிறாங்க.

அது அம்மையாக இல்லாமலும் இருக்கலாம். கார்பமாசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் மாத்திரைகள் அரிதாக உண்டாக்கும் கடும் ஒவ்வாமை! தோல் உரிந்து உயிரே போகலாம்.

தைவானில் கார்பமாசெபின் கொடுக்கும் முன்பே மரபணுப் பரிசோதனை. 2010 முதல் செலவு அரசுக் காப்பீட்டில். இங்கே? வெட்டிக் கொடுக்கும் அட்டையில் ஆங்கிலப் பொடி எழுத்து!

ஆட்சியாளர்களே, அந்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டு வாருங்கள். அதுவரை மாத்திரையோடு தமிழில் ஒரு எச்சரிக்கைச் சீட்டாவது கொடுங்கள். அதுக்குமா நிதி இல்லை?

பெற்றோரே, தடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே டாக்டரிடம் ஓடுங்க. மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.

#தமிழில்_எச்சரிக்கை