ஜனநாயகத்தை ஏற்றுமதி செய்ய முடியுமா?

2005 ஜனவரி 20. இரண்டாவது முறையாக அதிபர் பதவியேற்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ், உலகில் கொடுங்கோன்மைக்கு முடிவு கட்டுவதே அமெரிக்காவின் இறுதி இலக்கு என்றார். இராக்குக்குள் அமெரிக்கப் படை நுழைந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொரு நாட்டில் ஜனநாயகம் கொண்டுவருவது வெளியுறவுக் கொள்கைக்குச் சரியான இலக்குதானா?

ஏன் இந்த ஆசை?

இதில் நல்லெண்ணம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கு. ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடுவது மிக அரிது. அப்படின்னா, ஜனநாயகம் பரவினால் எதிரிகள் குறைவார்கள். 1945-க்குப் பிறகு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அப்படித்தானே நடந்தது என்பது வாதம்.

இராக்கில் என்ன ஆச்சு?

2003 மே மாதம், இராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் இரண்டு உத்தரவுகள் போட்டார். சதாமின் பாத் கட்சியில் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு அரசு வேலை கிடையாது, ராணுவம் கலைப்பு. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். 2005 ஜனவரியில் தேர்தல் நடந்தது. சன்னி பிரிவினர் பெரும்பாலும் புறக்கணித்தனர். அடுத்த ஆண்டே மதப்பிரிவு மோதல் உச்சத்துக்குப் போனது. 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது.

ஜப்பானில் மட்டும் எப்படி முடிந்தது?

அங்கே 1925-லேயே 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. நாடாளுமன்றம், கட்சிகள் எல்லாம் பழக்கப்பட்டவை. போருக்குப் பிறகும் அரசு நிர்வாகம் கலையவில்லை. விதை ஏற்கெனவே மண்ணில் இருந்தது. இராக்கில் இருந்த நிர்வாகமும் உடைக்கப்பட்டது.

முடிவு பிடிக்காவிட்டால்?

2006 ஜனவரியில் பாலஸ்தீனத் தேர்தலில் ஹமாஸ் வென்றது. தேர்தலை ஊக்குவித்த அமெரிக்காவே, அந்த அரசுக்கு நிதியை நிறுத்தியது. ‘நாங்கள் விரும்புபவர் ஜெயித்தால்தான் ஜனநாயகம்’ என்ற செய்தியே அரபு உலகுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போ இலக்கே தப்பா?

இல்லை, வழிதான் தப்பு. போர்ச்சுகலில் 1974-ல் சர்வாதிகாரம் விழுந்தது; ஸ்பெயினில் 1975-ல் ஃபிராங்கோ மறைந்தார். இரண்டு நாடுகளிலும் மாற்றத்தை நடத்தியவர்கள் உள்நாட்டினர். ஐரோப்பா படை அனுப்பவில்லை. ஜனநாயக நாடானால் பொருளாதாரச் சமூகத்தில் இடம் என்ற கதவைத் திறந்து வைத்தது. 1986-ல் இரண்டும் உறுப்பினர்களாயின.

உள்ளூர் மக்கள் தொடங்கியதற்குத் தோள் கொடுப்பது நியாயமான கொள்கை. அதற்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஏற்கும் மனசும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத அரசு, ஜனநாயகத்தின் பெயரில் படை அனுப்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.