சோற்றுக்கு ஒரு பாங்கி

பாங்கியில் பணம் போடுவோம். பருப்பும் ரொட்டியும் போடுவார்களோ? அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் போடுகிறார்கள்!

அங்கே ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் கூடமொன்றில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொண்டு செய்துவந்தார். பத்துக் குழந்தைகளின் தாய் ஒருத்தி, மளிகைக் கடைக் குப்பைத் தொட்டியிலிருந்துதான் வீட்டுக்கு ஆகாரம் கொண்டுபோவதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தால், தின்னத் தகுந்த பண்டங்கள்! போடவும் எடுக்கவும் பாங்கி மாதிரி ஓர் இடம் வேண்டுமென்றவளும் அவளே. (பெயர் வாங்கியது என்னவோ அவர்தான்!)

செயிண்ட் மேரி மாதா கோயிலார் பழைய கட்டிடமும் 3,000 டாலரும் கொடுக்க, 1967-ல் பாங்கி திறந்தது. முதல் வருஷமே 2,50,000 ராத்தலுக்கு மேல் உணவு வெளியே போயிற்று.

வட்டி கேட்பாரில்லை.