இருளும் ஒரு தடயம்

துப்பறியும் படம் பார்வையாளரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது: தடயம் கண்முன் வைக்கப்படும், கண்டுகொள்வது அவர் பொறுப்பு. ஓடிடி தளங்களில் இந்த உடன்படிக்கை பல நேரம் ஓசையின்றி முறிந்துபோகிறது.

2020 ஜூலையில் நேரடியாக நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ராத் அகேலி ஹை’ இரவில் தொடங்குகிறது. ஆளற்ற நெடுஞ்சாலை, காரைத் துரத்தும் லாரி. பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவு மங்கிய விளக்கொளியைப் பெரிதும் நம்புவது. இணைய வேகம் குறைந்ததும் செயலி காட்சித் தரத்தைத் தானே இறக்கிவிடுகிறது. அப்போது எளிதில் பலியாவன இருளின் நுண்சாயல்கள். கருமைக்குள் இருக்கும் பல கருமைகளும் ஒரே கட்டமாகத் திரள, அங்கே நிற்கும் முகம் அழிந்துவிடும். படம் நின்றுவிட்டால் குறை இணைப்பினுடையது என்று பார்வையாளர் அறிவார். மங்கினாலோ பழியைப் படத்தின்மேல் போடுகிறார். ‘மெதுவான படம், ஒன்றும் விளங்கவில்லை’ என்னும் தீர்ப்புகளில் எத்தனை இவ்வாறு பிறந்தவையோ!

அத்தளத்தின் கைப்பேசிச் சந்தா 2019இல் மாதம் 199 ரூபாய்க்கு வந்தபோது அளித்தது 480பி தரம் மட்டுமே. சிறுதிரைக்கு அது போதும் என்பாருண்டு, பகற்காட்சிகளுக்குப் போதலாம். விடுதி மாணவர் பலருக்கு எட்டுவது அதுவே. நூலின் பதிப்பைத் தவறாமல் குறிக்கும் ஆய்வேடுகள், படம் எத்தரத்தில், எத்திரையில் பார்க்கப்பட்டது என்பதை அரிதாகவே குறிக்கின்றன. பாடபேதம் இங்கும் உண்டு. அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்ப்பது கடினமன்று.